ஏசி கம்ப்ரசரில் டயருக்குக் காற்று: யார்க்கா, சாண்டனா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் பாறைப் பாதைகளில் டயர் காற்றை 15 பிஎஸ்ஐ வரை இறக்கி ஓட்டுவார்கள். திரும்பத் தார்ச்சாலை ஏறும்போது நான்கு டயருக்கும் காற்றடிக்க வேண்டும். அதற்கு இன்ஜின் பெல்ட்டில் ஓடும் ஏசி கம்ப்ரசரையே காற்றடிக்கும் பம்பாக மாற்றி வைத்துக்கொள்கிற ஜீப்காரர்கள் அங்கே நிறைய.

அதற்கு யார்க், சாண்டன் என்று இரண்டு கம்ப்ரசர் பிராண்டுகள் உண்டு. என் ஓட்டு யார்க் 210க்குத்தான். காரணம் ஆயில். யார்க்கின் அடியில், இன்ஜினுக்கு இருப்பதுபோல், தனி ஆயில் தொட்டி உண்டு. ஏசி கேஸ் இல்லாவிட்டாலும் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் ஆயில் போய்ச் சேரும். சாண்டனில் கேஸோடு சுற்றிவரும் ஆயில்தான் எல்லாம். வெறும் காற்றை இழுக்கவிட்டால் உள்ளே காய்ந்து, கடகடவென்று சத்தம் போட்டு, கடைசியில் இறுகிவிடும். காற்று நுழையும் குழாயில் ஆயில் சொட்டும் கருவி வைத்தே ஆகவேண்டும்.

ஒரு சுற்றுக்கு இழுக்கும் காற்று: யார்க் சுமார் 169 சிசி, சாண்டன் 508 சுமார் 138 சிசி. ஆனால் யார்க் கனம், உயரம், அதிர்வும் அதிகம். பானெட்டுக்குள் இடமில்லாதவர்களுக்கு சாண்டன்தான்.

எதை வைத்தாலும் வெளிக்குழாய் முன்னால் வெள்ளைத் துணியைப் பிடித்துப் பாருங்கள், ஆயில் புள்ளிகள் விழும். ஆயிலைப் பிரித்தெடுக்கும் பிரிப்பான் இல்லாமல் காற்றை டயருக்குள் விடாதீர்கள். காற்றைச் சேர்த்துவைக்க டேங்க் வைத்தால் அதற்கு சேஃப்டி வால்வு கட்டாயம். ஏசி குழாய்களைக் கழற்றுமுன் பழைய ஏசி கேஸை ஏசி மெக்கானிக்கிடம் மெஷினில் எடுக்கச் சொல்லுங்கள். வெளியே திறந்துவிடக் கூடாது.