மூன்று நிமிடப் படிச் சோதனை: சில வருடங்கள் செய்து பார்த்த பிறகு

கோவையில் ஒரு மில்லின் கணக்குப் பிரிவில் வேலை. எங்களில் பலர் வருடா வருடம் மாஸ்டர் ஹெல்த் செக்கப் எடுக்கிறோம். படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜி இதயத் துடிப்பின் ஒழுங்கைக் காட்டும்; மூன்று மாடி ஏறினால் அந்த இதயம் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டாது. டிரெட்மில் டெஸ்ட் சேர்த்து எடுத்தவர்களும் 'நெகட்டிவ்' என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். எத்தனை மெட்ஸ் வரை தாக்குப்பிடித்தோம் என்பது அநேகமாக அதே தாளில் இருக்கும். ஒரு மெட் என்பது சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆக்சிஜன்: ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மி.லி. உங்கள் பழைய ரிப்போர்ட்டில் அந்த எண் இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். இதய நுரையீரல் திறனையும் ரத்த அழுத்தம் போல வழக்கமாகக் கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2016-லேயே சொல்லிவிட்டது.

முகமூடி மாட்டி மூச்சுக் காற்றை அளக்கும் சோதனைதான் துல்லியமானது. மாதா மாதம் அதை யார் செய்ய முடியும்? 1968-இல் கென்னத் கூப்பர் வெளியிட்ட 12 நிமிட ஓட்டம் விமானப்படை வீரர்களை வைத்து உருவானது. நாள் முழுக்க நாற்காலியில் இருக்கும் நாற்பத்தைந்து வயதுக்காரரை முழு வேகத்தில் ஓடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் எங்கள் குழு ஒய்எம்சிஏ மூன்று நிமிடப் படிச் சோதனையை எடுத்துக்கொண்டது.

தேவையானது 12 அங்குல உயரமுள்ள ஒரு பெட்டி. வீட்டு மாடிப்படி அதில் பாதி உயரம்தான் இருக்கும் என்பதால் அது உதவாது. ஆசாரியிடம் சொல்லி கனமான பிளைவுட்டில் செய்து, மேலே ரப்பர் மேட் ஒட்டிக்கொண்டோம். போனில் மெட்ரோனோம் என்ற தாளம் தட்டும் செயலியை நிமிடத்துக்கு 96-இல் வைத்தால் ஒவ்வொரு 'டிக்'குக்கும் ஒரு கால்: ஏறு, ஏறு, இறங்கு, இறங்கு. நிமிடத்துக்கு 24 முறை. மூன்று நிமிடம் முடிந்ததும் உட்கார்ந்து, ஐந்து நொடிக்குள் நாடியைப் பிடித்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கட்டைவிரலில் அதன் சொந்தத் துடிப்பே தெரியும் என்பதால் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்துத்தான் எண்ணுவது.

பெட்டியில் ஏறி இறங்கும் வேலை எல்லோருக்கும் ஒன்றுதான். பழகிய இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தம் தள்ளுவதால் குறைந்த துடிப்பிலேயே அதை முடித்துவிடும். ஓய்வுக்கும் சீக்கிரம் திரும்பும். எனக்கு ஆரம்பத்தில் 118 வந்தது. சாயங்கால வேக நடையை விடாமல் பிடித்த பிறகு மெல்லக் குறைந்து இப்போது 98-ஐ ஒட்டி நிற்கிறது. டெஸ்பாட்ச் பிரிவுத் தங்கச்சி போன முறை பெட்டியை விட்டு இறங்கியதும், "அக்கா, முன்னெல்லாம் வாயே திறக்க முடியாதுங்க, இப்பப் பேசீட்டே ஏறலாமாட்ட இருக்குதுங்க" என்றது. எண்ணுக்கு முன்னாலேயே அந்தப் பேச்சு எனக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டது.

கைக்கடிகாரம் காட்டும் விஓ2 மேக்ஸையும், அதாவது உடல் அதிகபட்சம் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவையும், கூடவே குறித்து வருகிறேன். அது நடை வேகத்தையும் துடிப்பையும் வைத்துப் போடும் கணக்கு. சித்திரை வெயிலில் அதே வேகத்துக்குத் துடிப்பு ஏறிவிடும். என் கடிகாரத்தில் எண் இறங்கிவிடும். மார்கழியில் தானாக ஏறும். பட்டை தளர்ந்திருந்தாலும் தவறாகக் காட்டும். படிச் சோதனையை மின்விசிறிக்கு அடியில், காலையில், காபி குடிக்காமல் ஒரே மாதிரி செய்ய முடிகிறது. எனக்கு அதன் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், கட்டுக்குள் வராத பிரஷர் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பெட்டியில் கால் வைக்கக் கூடாது. மெட்டோபிரோலால், அட்டினோலால் போன்ற மாத்திரைகள் துடிப்பையே அடக்கி வைப்பவை. அவற்றைச் சாப்பிடுபவருக்கு வரும் அழகான எண்ணை நம்ப முடியாது. நுரையீரலைத் தனியாகப் பார்க்கவும் இந்தச் சோதனை போதாது. பஞ்சுத் தூசியில் வேலை பார்ப்பவருக்கு நெஞ்சு இறுக்கமோ இளைப்போ இருந்தால் ஸ்பைரோமெட்ரி எடுத்தே ஆக வேண்டும். முழு மூச்சில் ஊதும் காற்றில் எவ்வளவு முதல் நொடியிலேயே வெளியேறுகிறது என்பதை அதுதான் காட்டும்.

முட்டிவலி உள்ளவர்களுக்கு ராக்போர்ட் நடைச் சோதனை சரியாக வருகிறது. சமதளத்தில் 1.6 கிலோமீட்டரை முடிந்த வேகத்தில் நடந்து, ஆன நேரத்தையும் முடிவில் நாடித்துடிப்பையும் குறிக்க வேண்டும். எங்கள் காசாளர் அண்ணன் இரண்டு சோதனைகளையும் செய்து பார்த்துவிட்டு இதற்கு மாறிக்கொண்டார்.