பனியில்லாத ஊரில் ஸ்கீ பழகுவது: நிலாவெளி வீதியில் ரோலர் ஸ்கீயோடு சில வருடங்கள்

கிராஸ் கண்ட்ரி ஸ்கீ பழக ஆசை, இருப்பதோ திருகோணமலையில். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: ரோலர் ஸ்கீ, அதாவது பனிக்குப் பதிலாக வீதியில் ஓட, சில்லுப் பூட்டிய ஸ்கீ. நான் பழகியது அதில்தான். சில வருடங்களாக உப்புவெளிக்கும் இறக்கக்கண்டிக்கும் இடையில் ஓடுகிறேன். போன மாசியில் ஒஸ்லோவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, இங்கே பழகியது பனியில் எவ்வளவு தூரம் எடுபடுகிறது என்றும் பார்த்துவிட்டேன். வாங்கலாமா என்று கேட்டால், வாங்குங்கள். ஆனால் இந்தச் சில்லுகள் எதைக் கற்றுத்தரும், எதை மறைத்துவிடும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கிராஸ் கண்ட்ரி என்பது மலையுச்சியிலிருந்து பாய்ந்து இறங்கும் ஸ்கீ அல்ல. குதியைத் தூக்கக்கூடிய சப்பாத்து, ஒடுங்கிய நீளப் பலகை, இரண்டு கோல். இவற்றோடு சமதரையிலும் காட்டுப்பாதையிலும் ஏற்ற இறக்கத்திலும் மணிக்கணக்காகப் போவது. அதில் இரண்டு பாணி உண்டு. கிளாசிக்கில் கால்கள் இரண்டும் நேராக முன்னுக்குப் போகும். ஸ்கேட்டிங்கில் கால்களைப் பக்கவாட்டில் விரித்துத் தள்ள வேண்டும். அமெரிக்கரான பில் கோக் 1982இல் உலகக் கிண்ணத்தை வென்றதோடு வேகமாகப் பரவியது இந்த இரண்டாவது பாணி. நம்முடைய ஊரில் தொடங்குகிறவர்கள் கிளாசிக்கையே எடுங்கள் என்பேன். ஸ்கேட்டிங்குக்கு வீதியின் ஒரு பக்கம் முழுவதும் வேண்டும். புல்மோட்டை பஸ் பின்னால் வரும்போது அவ்வளவு இடம் யார் தரப்போகிறார்கள்?

கிளாசிக் ரோலர் ஸ்கீ ஒவ்வொன்றுக்கும் அகலமான இரண்டு ரப்பர் சில்லு. அவற்றில் ஒன்றுக்குள் ரட்செட் இருக்கும். அந்தச் சில்லு முன்னுக்கு உருளும், பின்னுக்கு உருளாது. அதனால்தான் காலை ஊன்றித் தள்ள முடிகிறது. பல தயாரிப்புகளில் சில்லுக்கு இலக்கம் போட்டிருப்பார்கள்; இலக்கம் கூடக்கூட வேகம் குறையும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மெதுவான சில்லே நல்லது, ஏனென்றால் இதில் பெரும்பாலும் பிரேக் கிடையாது. நிற்க வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்து, கரையிலிருக்கும் புல்லில் கால் வைத்து நடந்து வெளியேற வேண்டும். அதை முதல் நாளே பழகிவிடுங்கள். ஹெல்மெட், கையுறை, முழங்கால் காப்பு மூன்றும் கட்டாயம்.

கோலின் நீளத்தில் கவனம் வேண்டும். கிளாசிக் போட்டி விதிப்படி கோல் உயரத்தில் 83 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பழகுகிறவர்களுக்கும் அந்தக் கணக்குப் பொருந்தும். 165 சென்ரிமீற்றர் உயரமென்றால் 135 கோல் சரிவரும். தார் வீதிக்குக் கடினமான காபைட் முனை போட வேண்டும். முனை மழுங்கினால் கோல் வழுக்கும், தோள் நோகும். வைர அரம் ஒன்றால் அடிக்கடி தீட்டிக்கொள்கிறேன்.

கூடுதலாகச் சொல்ல வேண்டியது டபுள் போலிங் பற்றி. இரண்டு கோலையும் ஒன்றாக ஊன்றித் தள்ளுவது அது. பார்க்கிறவர்களுக்குக் கைவேலை போலத் தெரியும். இறக்கக்கண்டிக் களப்பில் வள்ளத்தைக் கம்பூன்றித் தள்ளுகிறவரை ஒரு தடவை கவனித்துப் பாருங்கள். அவர் கையால் இழுப்பதில்லை. கம்பை ஊன்றிவிட்டு உடம்பின் பாரத்தை அதன்மேல் சாய்க்கிறார். இங்கேயும் அதேதான். குதி மெல்ல எழும்ப வேண்டும், இடுப்பு முன்னுக்கு வர வேண்டும், கோல் தரையைத் தொடும் அந்தக் கணத்தில் வயிற்றுத் தசை இறுக வேண்டும். முழங்கை மடிந்தே இருக்கும். கை கடைசியில்தான் நீளும். இது உடம்பில் பதிந்துவிட்டால் ஒவ்வொரு தள்ளலுக்கும் வீதி கால்களுக்குக் கீழே நீளமாக ஓடும். அந்தச் சுகத்துக்காகவே நான் விடிய எழும்புகிறேன்.

நேரம் என்றால் விடியற்காலைதான். ஏழு மணிக்குப் பிறகு வெயிலும் வாகனமும் சேர்ந்துவிடும். மத்தியானத்தில் தார் இளகி, கோல் முனை புதையும். கச்சான் வீசும் மாதங்களில் வடக்கே போகும்போது காற்று முதுகில் தள்ளும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். அதனால் போகும் தூரத்தைத் திரும்பும் பலத்தை வைத்துத் தீர்மானியுங்கள். மாரியில் ஈர வீதியில் சில்லும் வழுக்கும், கோலும் வழுக்கும். அப்போது நான் ஓடுவதில்லை. நிலாவெளிப் பக்கம் சில இடங்களில் காற்று மணலைக் கொண்டுவந்து தாரில் கொட்டியிருக்கும். வேகமாகப் போய் அதில் ஏறினால் சில்லு நின்றுவிடும், உடம்பு நிற்காது. என் கணவர் மோட்டார் சைக்கிளில் பின்விளக்கை மினுக்கவிட்டபடி பின்னால் வருவார். ஒருவர் அப்படி வராமல் இந்த வீதியில் இறங்க வேண்டாம். நாய்கள் கோலைத் தடியென்று நினைத்துக் குரைக்கும். கோலைத் தாழ்த்திப் பிடித்து, மெதுவாகி, நின்றுவிட்டால் அவை அடங்கிவிடும்.

தேத்தண்ணிக் கடையடியில் ஒரு அம்மா, "என்ன பிள்ளை, காலுக்கு வைத்தியமோ?" என்று கேட்டார். இது பனியில் ஓடுவதற்குப் பழகுவது என்று விளங்கப்படுத்தினேன். இப்போது நான் வராத நாட்களில் கணவரிடம் விசாரிக்கிறார்.

பராமரிப்புத்தான் நம்முடைய ஊரில் பெரிய செலவு. கடற்காற்றின் உப்பும் மணலும் சேர்ந்து பெயாரிங்கைத் தின்றுவிடும். இரண்டு பக்கமும் இரும்புத் தகடு மூடிய பெயாரிங் எனக்கு ஒரு மாரிகூடத் தாங்கவில்லை. விளிம்பிலிருந்த இலக்கத்தைக் காட்டி, உதிரிப்பாகக் கடையில் ரப்பர் மூடி போட்டதை வாங்கி மாற்றிய பிறகு நிம்மதி. அதே இலக்கத்தின் முடிவில் 2ஆர்எஸ் என்று போட்டிருந்தால் அது ரப்பர் மூடி. ஓடி முடிந்ததும் ஈரத் துணியால் துடைத்து, காயவைத்துவிட்டுத்தான் உள்ளே வைப்பேன். தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவ வேண்டாம். இடது வலது ஸ்கீயை மாறி மாறிப் போட்டால் சில்லு ஒரே பக்கமாகத் தேயாது. ஆனால் ரட்செட் சில்லை மட்டும் கழற்றித் திருப்பிப் போட்டுவிடக்கூடாது. பூட்டும் திசை மாறிவிடும். சப்பாத்தை வெயிலில் காயவைத்தால் அடிப்பசை விட்டுவிடும், நிழலே போதும்.

இனிப் பனி. ஒஸ்லோவில் ஐந்தாம் இலக்க மெட்ரோவின் முடிவில் சோங்ஸ்வான் என்ற ஏரி. இறங்கிச் சிறிது நடந்தாலே நூர்மார்க்கா காட்டின் ஸ்கீப் பாதைகள் தொடங்கிவிடும். சப்பாத்து என்னுடையது, பலகையும் கோலும் வாடகைக்கு. இயந்திரம் அழுத்திப் போட்ட இரட்டைத் தடத்துக்குள் பலகையை வைத்ததும் சமநிலை தானாக வந்தது. ஒரு காலில் முழுப் பாரத்தையும் வைத்து வழுக்குவது, டபுள் போலிங், மூச்சு, தோள்பலம் எல்லாமே நிலாவெளி வீதி தந்தவை. சமதரையில் அக்காவின் பிள்ளைகளோடு சேர்ந்தே போனேன்.

ஏற்றத்தில்தான் வேறுபாடு தெரிந்தது. பனி ஸ்கீயின் நடுப்பகுதி வில்லாக வளைந்து, பாதத்துக்குக் கீழே நிலத்தைத் தொடாமல் நிற்கும். பிடிப்புத் தரும் மெழுகோ தோல்பட்டையோ இருப்பது அங்கேதான். சரியான கணத்தில் ஒரே காலில் முழுப் பாரத்தையும் நேரே கீழ்நோக்கி இறக்கினால்தான் அந்த வில் படிந்து பனியைப் பிடிக்கும். தாமதித்துப் பின்னுக்கு உதைத்தால் பலகை சறுக்கிவிடும். ரட்செட்டோ எப்போது உதைத்தாலும், எப்படி உதைத்தாலும் பிடித்துவிடுகிறது. ரோலர் ஸ்கீ மறைப்பது இதைத்தான். அதனால்தான் அது கற்றுத்தரும் உதை அரைகுறை. இறக்கத்தில் பலகைகளை ஆப்பு வடிவில் விரித்து வேகம் குறைப்பதையும் பனியில்தான் பழக வேண்டும்.

திரும்பி வந்தபின் பயிற்சியை மாற்றினேன். கிழமையில் ஒரு நாள் கோலில்லாமல் உதை மட்டும்: பாதம் மற்றப் பாதத்தைத் தாண்டும் முன்பே கீழ்நோக்கி அழுத்துவது. இன்னொரு நாள் சாதாரணச் சப்பாத்தோடு, கோல் ஊன்றி ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் தாவி ஏறுவது. நோர்வே வீரர்கள் கோடையில் செய்கிற பயிற்சி இது. ரட்செட்டின் உதவி அதில் இல்லை. பாரம் இறங்காவிட்டால் உடனே தெரிந்துவிடும்.

பனியில்லாத நாட்டுக்காரருக்கு இது எட்டாது என்று சொல்கிறவர்களுக்கு, பசிபிக் தீவு நாடான தொங்காவின் பீட்டா தவ்ஃபதோஃபுவாவைச் சொல்வேன். பெரும்பாலும் ரோலர் ஸ்கீயில் பழகி 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் 15 கிலோமீற்றர் ஓடியவர். 116 பேரில் 114ஆவதாக முடித்தார். எனக்கு அந்த இலக்கம் பெரியது.

வாங்குகிறவர்கள் சப்பாத்தையும், அதை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங்கையும் ஒரே வகையில் எடுங்கள். அப்போதுதான் என்றாவது பனிக்குப் போகும்போது சப்பாத்தை மட்டும் பையில் வைத்தால் போதும். மாற்று ரட்செட் சில்லு ஒரு சோடியையும் அப்போதே சேர்த்து வாங்குங்கள். முதலில் தேய்வது அதுதான், இலங்கையில் எனக்கு அது எங்கும் கிடைக்கவில்லை.