மளிகைக் கடைக்கு விண்டோஸ் சர்வர், தொழிற்கூடத்துக்கு டெபியன்: செலவுக் கணக்கு

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடை, கப்பலூர் சிட்கோவில் ஒரு சிறு தொழிற்கூடம் இரண்டுக்கும் கணினி வேலை பார்த்துக் கொடுக்கிறேன். மற்றக் கணினிகளுக்குப் பொதுவாக இருக்கும் சர்வரில் ஓடுவது, கடையில் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் சர்வர் 2022, தொழிற்கூடத்தில் இலவச லினக்ஸான டெபியன் 12. இரண்டுமே இதுவரை தொல்லை தரவில்லை, வித்தியாசமெல்லாம் காசில்தான்.

விண்டோஸ் கொட்டேஷனில் முதல் வரியை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. 2022 ஸ்டாண்டர்டு பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த பட்டியல் விலை 1,069 டாலர், 2025 பதிப்புக்கு 1,176 டாலர். இது 16 கோருக்கு (கோர் என்பது பிராசசருக்குள் கணக்குப் போடும் பகுதி). கடையில் இருப்பதோ 4 கோர் உள்ள சின்னப் பெட்டி. ஆனாலும் 16 கோருக்குக் குறைவாக உரிமம் வாங்க முடியாது. "நாலு மூட்டை இறக்கிட்டு பதினாறு மூட்டைக்கு கூலி கேக்குற மாதிரில்ல இருக்கு தம்பி" என்றார் அண்ணாச்சி. பதில் சொல்ல எனக்கும் ஒன்றும் இல்லை.

அப்புறம் கேல் (CAL), அதாவது சர்வரைப் பயன்படுத்துவதற்கான உரிமம். சர்வரைப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஆளுக்கோ கருவிக்கோ அது வேண்டும். மேசைக் கணினியில் அசல் விண்டோஸ் இருந்தாலும் இது தனிதான். வாடிப்பட்டி குடோனிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் (தூரத்திலிருந்தே சர்வரைத் திறக்கும் வசதி) டாலி கணக்கு மென்பொருளுக்குள் வருகிறவர்களுக்கு அதற்கும் மேல் ஆர்.டி.எஸ். கேல் என்று இன்னொரு உரிமம். பில் போடும் பையன்கள் ஷிப்ட் மாறி ஒரே கணினியில் உட்காருவதால் கருவிக் கணக்கில் எடுத்தோம், கொஞ்சம் மிச்சமானது. 18 சதவீத ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ளலாம். வெறும் பைல் பகிர்வுதான், ஆட்களும் 25 பேருக்குள் என்றால் எசென்ஷியல்ஸ் பதிப்பைக் கேட்டுப் பாருங்கள்; அதற்குக் கேல் வேண்டாம்.

தொழிற்கூடத்தில் வேலை எளிது: வரைபட பைல்கள், தினசரி பேக்கப். லினக்ஸில் இருக்கும் பைல்களை விண்டோஸுக்குப் பகிரும் சாம்பா மென்பொருளைப் போட்டதும் அங்குள்ள விண்டோஸ் கணினிகளில் நெட்வொர்க் டிரைவாகத் தெரிகிறது. கோர் எத்தனை, ஆள் எத்தனை என்று கேட்க யாரும் இல்லை. உரிமச் செலவு சுழியம். ரெட்ஹாட் நிறுவனத்தின் கையில் இருந்த இலவச லினக்ஸான சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு இருக்கும் என்றிருந்த நிலையில், 2021 முடிவோடு நிறுத்துவதாக 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். அதனால்தான் ஒரு நிறுவனத்தின் கையில் இல்லாத டெபியனைத் தேர்ந்தெடுத்தேன். டெபியனில் ஒரு பதிப்புக்கு நீள்கால ஆதரவோடு சேர்த்து ஏறத்தாழ 5 வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்.

செலவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மதுரையில் விண்டோஸ் தெரிந்த பையனைச் சட்டென்று பிடித்துவிடலாம். சாம்பாவில் அனுமதிச் சிக்கல் வந்தால் சரிசெய்யும் ஆளைத் தேடத்தான் வேண்டும், கூலியும் கூட. நிறுவன ஆதரவே வேண்டும் என்று ரெட்ஹாட் பக்கம் போனால் வருடச் சந்தா.

டாலியையும் லினக்ஸில் வைன் (விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்) போட்டு ஓட்டலாமே என்று கேட்பார்கள். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நேரத்தில் அந்த விளையாட்டு வேண்டாம் என்பது என் கட்சி. டாலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது, அதற்கான காசைக் கொடுத்துவிடுவது நல்லது. இப்போது கடைக்குத் தனியாக ஒரு பேக்கப் பெட்டி வேண்டும் என்று பேச்சு வந்திருக்கிறது. அதற்கு டெபியன்தான் சொல்லியிருக்கிறேன்.