ஒன்பது சீசன் பார்த்த என் 8×42 பைனாகுலர்

தெரிந்த தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான். "அண்ணா, இந்த வருஷம்தான் முதல் தடவையா மான் வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்திருக்கேன். நீங்க வச்சிருக்கிற பைனாகுலர் இப்ப விலை இறங்கியிருக்கு. வாங்கிடட்டுமா?"

வாங்கு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. அன்றைக்குக் காலையில்தான் அது இரண்டாவது முறையாக ரிப்பேரிலிருந்து திரும்பி வந்து மேசைமேல் கிடந்தது. கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் விவரங்களுக்குள் போகப்போவதில்லை. எட்டு மடங்கு, 42 மில்லிமீட்டர் லென்ஸ், முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைந்த எடை, உள்ளே ஆவி படியாமல் இருக்க நைட்ரஜன். மழையில் நனைந்திருக்கிறது, ஒரு தடவை மரத்தில் கட்டிய பரணிலிருந்து கீழே விழுந்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. நான் பேச வந்தது வலது கண் பக்கம் இருக்கும் ஒரு வளையத்தைப் பற்றி.

டயாப்டர் வளையம் என்பார்கள். நம் இரண்டு கண்ணுக்கும் பார்வை ஒரே அளவில் இருப்பது அரிது. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான் அந்த வளையம். வலது பக்க லென்ஸை மூடிக்கொண்டு, நடுவில் இருக்கும் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்கு ஒரு மரப்பட்டையையோ வேலிக்கம்பத்தையோ தெளிவாக்க வேண்டும். அப்புறம் இடது பக்கத்தை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வளையத்தை மட்டும் திருப்பி அதே இடத்தை வலது கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். ஒரு தடவை செய்தால் போதும், பிறகு எல்லாத் தூரத்துக்கும் நடுச் சக்கரம் மட்டும்தான்.

என்னுடையதில் அந்த வளையத்துக்குப் பூட்டு கிடையாது. முதல் நாலு சீசன் அது தேவைப்படவும் இல்லை, வளையம் இறுக்கமாக இருந்தது. ஐந்தாவது வருஷம் இளக ஆரம்பித்தது. மார்புப் பட்டையின் பையிலிருந்து எடுக்கும்போது உரசித் திரும்பும். கையுறை பட்டால் திரும்பும். மரத்தில் ஏறும்போது கோட்டு ஜிப்பில் சிக்கித் திரும்பும். கால் சுற்றுகூட இருக்காது, அதில் பாதிதான்.

திரும்பியது நமக்குத் தெரியாது என்பதுதான் இதில் மோசம். பகல் வெளிச்சத்தில் கண் தானாகவே ஓரளவு சமாளித்துக்கொள்ளும். எந்தக் கண்ணில் தெளிவாக இருக்கிறதோ அதை மூளை எடுத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் கழித்து நெற்றிப்பொட்டில் லேசாக வலி வரும், தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொள்வோம். வெளிச்சம் குறையும்போதுதான் குட்டு வெளிப்படும். மான் வெளியே வருவதும் அந்த நேரத்தில்தான்.

மூன்று சீசனுக்கு முன்பு நடந்ததைச் சொல்கிறேன். கையில் கொம்பில்லாத மானுக்கான அனுமதிச் சீட்டு இருந்தது. பரணில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். காற்று என் முகத்துக்கு நேரே வந்துகொண்டிருந்தது. சூரியன் மறைந்து கால் மணி ஆகிவிட்டது. பல இடங்களில் சூரியன் மறைந்து அரை மணி வரைதான் சுட அனுமதி, எனக்கும் அப்படித்தான். காட்டோரத்திலிருந்து ஒரு மான் மெதுவாக வெளியே வந்தது. எண்பது மீட்டர் இருக்கும். கூட எதுவும் இல்லை.

தனியாக, முதலில், பயமில்லாமல் வெளியே வரும் சின்ன மானைப் பார்த்தால் பழகியவர்கள் அவசரப்பட மாட்டார்கள். பெரும்பாலும் அது அந்த வருஷம் பிறந்த ஆண் குட்டியாக இருக்கும். வளர்ந்த பிணை, அதாவது பெண் மான், அப்படி வராது. ஓரத்திலேயே நின்று மூக்கை நீட்டி, காதைத் திருப்பி, நம் பொறுமையைச் சோதித்துவிட்டுத்தான் கால் எடுத்து வைக்கும். பக்கத்தில் ஒப்பிட இன்னொரு மான் இல்லாதபோது உடம்பின் அளவும் ஏமாற்றும். அதனால் தலையைப் பார்க்க வேண்டும். பிணைக்குக் காதுகளுக்கு நடுவே உச்சி உருண்டையாக இருக்கும். ஆண் குட்டிக்கு அந்த இடம் தட்டையாக, கொம்பு முளைக்கப்போகும் இடத்தில் இரண்டு சின்ன மொட்டு தெரியும். முகமும் குட்டையாக இருக்கும்.

பைனாகுலரை எடுத்தேன். காது இரண்டும் தெரிந்தன. நடுவில் இருந்தது மொட்டா, முடியா, பின்னால் இருந்த புல்லா என்று தெரியவில்லை. சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பினேன். ஒரு கண் தெளிவானால் இன்னொன்று மங்கியது. வளையம் நகர்ந்திருக்கிறது என்று புரிந்து, வலது கண்ணை மூடி, இடது கண்ணால் மட்டும் பிடிப்பதற்குள் அது தலையைக் குனிந்து மேய ஆரம்பித்துவிட்டது. மறுபடி நிமிர்ந்தபோது வெளிச்சம் போய்விட்டது. சுடவில்லை. அது எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தச் சீட்டில் ஆண் குட்டியைச் சுட்டிருந்தாலும் சட்டப்படி தப்பில்லை. அதை நான் சமாதானமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓர் உயிரை எடுக்கப் போகிறோம், எதை எடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டாமா? பழந்தமிழில் ஆண் மானுக்குக் கலை, பெண்ணுக்குப் பிணை, குட்டிக்கு மறி என்று தனித்தனிச் சொல் வைத்திருந்தார்கள். நின்று நிதானமாகப் பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் அவை. நான் பைனாகுலர் வைத்திருப்பதும் அந்த நிதானத்துக்காகத்தான். அதையே கெடுக்கிற கோளாறைச் சின்னக் குறை என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

சரி, கோபத்தில் நல்லதை மறைக்கக் கூடாது. இதன் கண்ணாடி அருமையானது. ஒன்பது வருஷமாக அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வாங்கும்போது மானைத் தேட இது உதவும் என்றுதான் நினைத்தேன். கண்டுபிடித்த பிறகுதான் இதன் அருமை தெரிந்தது. வெறும் கண்ணுக்கு எண்பது மீட்டரில் மான் ஒரு பழுப்பு உருவம், அவ்வளவுதான். இதில் பார்த்தால் நாக்கு வெளியே வந்து மூக்கை நனைப்பது தெரியும். ஈர மூக்கில் வாசனை நன்றாகப் பிடிக்கும், அதற்காகத்தான் அப்படிச் செய்கிறது. காற்றில் என்னவோ இருக்கிறது என்று அது சந்தேகப்படுவதை அந்த நாக்கே காட்டிக்கொடுத்துவிடும். முன்னங்காலைத் தூக்கித் தரையில் அடிக்கும். தலையைக் குனிந்து மேய்வதுபோல் நடித்துவிட்டுச் சட்டென்று நிமிரும். சந்தேகம் தீர்ந்துவிட்டால் வாலை லேசாகப் பக்கவாட்டில் ஆட்டிவிட்டு நடக்கும். வெள்ளைவால் மான் வாலைக் கொடிபோல் தூக்கிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

புதருக்குள் தேடுவதையும் இதுதான் கற்றுக்கொடுத்தது. முழு மானைத் தேடினால் கிடைக்காது. காட்டில் மரம், செடி எல்லாம் நெட்டுக்குத்தாக நிற்கும். மானின் முதுகு படுக்கைவாட்டில் ஓடும் கோடு. அந்தக் கோட்டைத் தேட வேண்டும். இல்லையென்றால் ஒரு காது, கருப்பு மூக்கு, தொண்டையில் இருக்கும் வெள்ளைத் திட்டு. எட்டு மடங்கில் பார்வைப் பரப்பு அகலமாக இருப்பதால், இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்திக்கொண்டே போகலாம், கண் களைக்காது.

சுட்ட பிறகும் இதற்கு வேலை இருக்கிறது. மான் எந்த மரத்தைக் கடந்து மறைந்தது, முதுகு வளைந்திருந்ததா, எப்படி ஓடியது என்பதைப் பரணிலிருந்தே பார்த்து வைத்துக்கொள்ளலாம். வயிற்றில் பட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் இறங்கவே கூடாது, பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பின்னால் போனால் படுத்திருக்கிற மான் எழுந்து இன்னும் தூரம் ஓடும், ரத்தத் தடமும் கிடைக்காமல் போகும். புண்பட்ட மானைக் காட்டில் தொலைப்பதைவிடப் பெரிய தோல்வி எங்களுக்கு இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். துப்பாக்கியில்தான் குறிபார்க்க ஸ்கோப் இருக்கிறதே, தனியாகப் பைனாகுலர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. என் மூன்றாவது சீசனில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சரிவில் ஏதோ அசைந்தது. பைனாகுலரை வைத்துப் பார்த்தால் ஒரு மனிதர், ஆரஞ்சு மேலங்கி போட்டவர், ஸ்கோப் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஸ்கோப்பின் கண்ணாடி வட்டமும் அதன் கீழே குழல்வாயும் எனக்கு நேராகத் தெரிந்தன. தொப்பியைக் கழற்றி ஆட்டினேன், அவர் துப்பாக்கியைத் தாழ்த்தினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது. ஆரஞ்சு நிறம் மானின் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியாது, மனிதன் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். அதனால்தான் அதைப் போடச் சொல்கிறார்கள். அவர் கழுத்தில் ஒரு சாதாரண பைனாகுலர் இருந்திருந்தால் அந்தக் குழல் என் பக்கம் திரும்பியே இருக்காது. ஸ்கோப் சுடுவதற்கு மட்டும்தான், பார்ப்பதற்கு இல்லை. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க ஒன்றும் கிடையாது.

இனி ரிப்பேர் கதை. முதல் தடவை அனுப்பியபோது பதினோரு வாரம் ஆனது. சீசன் தொடங்கி இரண்டு வாரம் போய்விட்டது. அதுவரை நண்பர் ஒருவரின் 10×42-ஐக் கடன் வாங்கி வைத்திருந்தேன். எட்டா பத்தா என்ற கேள்விக்கு அந்த நாட்களிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. பத்து மடங்கில் மானோடு சேர்ந்து என் கை நடுக்கமும் பத்து மடங்காகப் பெரிதாகத் தெரிந்தது. குளிரில், கோட்டு அடுக்குகளோடு, பரணில் சாய இடமில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது அது சின்ன விஷயம் இல்லை. வெளிச்சக் கணக்கும் இருக்கிறது. 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, பத்தால் வகுத்தால் 4.2. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். இளைஞர்களின் கண்மணி இருட்டில் ஏழு மில்லிமீட்டர் வரை விரியும், என் வயதுக்கு ஐந்து விரிந்தாலே அதிகம். எட்டு மடங்கு தருவதை என் கண் கிட்டத்தட்ட முழுதாக வாங்கிக்கொள்கிறது. கருக்கலில் அந்தக் கடைசிப் பத்து நிமிஷம் இந்தக் கணக்கில்தான் கிடைக்கிறது. திறந்த மலைச்சரிவில் வெகுதூரம் பார்ப்பவர்களுக்குப் பத்து சரியாக வரலாம். அடர்ந்த காட்டில் எட்டுதான்.

திரும்பி வந்த வளையம் ஒரு சீசன் நன்றாக இருந்தது. அடுத்த சீசன் நடுவிலேயே மறுபடி இளகிவிட்டது. திரும்ப அனுப்பினேன். இப்போது வந்திருக்கிறது, கூடவே ஒரு சீட்டும். "சோதிக்கப்பட்டது, அளவுகள் சரியாக உள்ளன." அவ்வளவுதான். வளையத்தைச் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தேன். திரும்பியது.

எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. இவ்வளவு நல்ல கண்ணாடியைத் தேய்த்து, பூச்சுப் பூசி, இம்மி பிசகாமல் பொருத்தத் தெரிந்தவர்களுக்கு ஒரு வளையத்துக்குப் பூட்டு வைக்கத் தெரியாதா? இழுத்துத் திருப்பி அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் வளையங்கள் எத்தனையோ பைனாகுலர்களில் இருக்கின்றன.

இப்போது நான் செய்து வைத்திருப்பது இதுதான். பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு ரப்பரை வெட்டி, வளையத்தின்மேல் இறுக்கமாக மாட்டி, அதன்மேல் கருப்பு டேப் இரண்டு சுற்று. என் கண்ணுக்குச் சரியான இடத்தில் வளையத்திலும் பைனாகுலரின் உடம்பிலுமாக வெள்ளைப் பெயின்டில் இரண்டு புள்ளி. பரணில் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலை அந்தப் புள்ளிகள் நேராக இருக்கின்றனவா என்று பார்ப்பது. இருட்டில் விரல் நகத்தாலேயே தடவித் தெரிந்துகொள்ளப் பழகிவிட்டேன்.

தம்பிக்குப் பதில். எட்டு மடங்கே வாங்கு. விலை இறங்கியிருந்தாலும் இதை வாங்காதே. வளையத்துக்குப் பூட்டு இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்த்து, கண்ணாடி இதைவிடக் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை என்று வேறு ஒன்றை வாங்கு. என்னுடையதை விற்பாயா என்று மட்டும் கேட்காதே, விற்க மாட்டேன். சீசன் தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஒரு நாள் சாயங்காலம் துப்பாக்கி இல்லாமல் வா, காட்டோரத்தில் உட்கார்ந்து வெளிச்சம் போகும் வரை இதில் பார்க்கலாம். டேப்பை மட்டும் பிரித்துவிடாதே.