நான்கு குட்டிப் பைகள்: கண்ணைக் காக்குமா இந்த ரத்தப் பை?

ஒரே குழாய் நான்காகப் பிரிகிறது; ஒவ்வொரு கிளையின் முனையிலும் ஒரு சின்னப் பை. குறைமாதக் குழந்தைகளுக்கென்று ரத்த வங்கிகள் வாங்கும் சாட்டிலைட் பைத் தொகுப்பு இது. செய்ய வந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் ஆர்ஓபி என்னும் விழித்திரை நோய்க்கும் இது காவல் என்று நினைத்து வாங்குபவர்கள் ஏமாறுவார்கள்.

28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்குச் சில வாரங்களுக்குள் பலமுறை ரத்தம் ஏற்ற வேண்டிவரும். முறைக்கொரு புதுப் பை என்றால் முறைக்கொரு புதுக் கொடையாளர். இந்தத் தொகுப்பில் ஒருவருடைய பேக்ட் செல்லையே (பிளாஸ்மா நீக்கிய சிவப்பணுக்களை) பிரித்து, அந்தக் குழந்தையின் பெயரில் ஒதுக்கி வைக்கலாம்.

ஸ்டெரைல் கனெக்டிங் டிவைஸ் (கிருமி புகாமல் குழாய்களை ஒட்டும் கருவி) இல்லாத வங்கி இதை வாங்குவது வீண். குழாயோடு குழாயை அந்தக் கருவியில் ஒட்டினால்தான் மூலப் பையின் காலாவதித் தேதி (ரத்தம் கெடாமல் காக்கும் கரைசல் சிபிடிஏ-1 என்றால் 35 நாள், எஸ்ஏஜிஎம் என்றால் 42 நாள்) குட்டிப் பைக்கும் செல்லும். முள் குத்தி இணைத்தால் குளிர்பெட்டியில் 24 மணி நேரம்தான். மீதி மூன்று பைகளும் குப்பைக்கு. ஒட்டிய இடத்தை அழுத்திப் பார்த்து, கசிவில்லை என்று தெரிந்த பிறகே கிளிப்பைத் திறக்க வேண்டும்.

அளவில்தான் பலரும் தவறுகிறார்கள். 700 கிராம் குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.லி. வீதம் தேவை 10.5 மி.லி. வடிகட்டியிலும் குழாயிலும் தங்குவதைச் சேர்த்தாலும் 25 மி.லி. பை தாராளம். 50 நிரப்பினால் பாதிக்குமேல் வீணாகும், ஏனெனில் திறந்த பையை 4 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். காலிப் பையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, 27 கிராம் ஏறியதும் நிறுத்தினால் ஏறக்குறைய 25 மி.லி. கதிர்வீச்சு தேவைப்பட்டால், அனுப்பப்போகும் பைக்கு மட்டும் கொடுங்கள். நான்குக்கும் ஒன்றாகக் கொடுத்துவிட்டு வைத்திருந்தால் சிவப்பணுவிலிருந்து பொட்டாசியம் வேகமாகக் கசியும்.

இனி கண். பையைச் சின்னதாக்கலாம், உள்ளே இருப்பது பெரியவர்களின் ஹீமோகுளோபின்தான். சிசுவின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும். பெரியவர்களுடையது எளிதில் விட்டுவிடும். ஹீமோகுளோபினில் பாதி ஆக்சிஜனால் நிறைய முன்னதற்கு சுமார் 20 மி.மீ. பாதரச அளவு ஆக்சிஜன் அழுத்தம் போதும், பின்னதற்கு 27 வேண்டும். ஆகவே மானிட்டரில் ஆக்சிஜன் செறிவு அதே 95 சதவீதம் என்று தெரிந்தாலும், ரத்தம் ஏற்றிய பிறகு வளர்ந்து முடியாத விழித்திரைக்கு ஆக்சிஜன் கூடுதலாகவே போகும்; ஆர்ஓபிக்கு அஞ்சப்படும் காரணங்களில் ஒன்று அது. நான்கு முறையும் ஒரே கொடையாளர் என்பதால் இந்தக் கணக்கு மாறாது.

அதற்காக ரத்தத்தையே குற்றவாளியாக்கவும் முடியாது. மிகச் சிறிய, மிகவும் நோயுற்ற குழந்தைகளுக்குத்தான் அதிகம் ரத்தம் ஏறுகிறது; ஆர்ஓபி வருவதும் அவர்களுக்குத்தான். 2020இல் வெளியான டாப் (1,824 குழந்தைகள்), எட்னோ (1,013) ஆய்வுகளில், ரத்தம் ஏற்றும் ஹீமோகுளோபின் வரம்பை உயர்த்தியோ தாழ்த்தியோ வைத்ததில் கடும் ஆர்ஓபி பெரிதாக வேறுபடவில்லை. ஹீமோகுளோபின் வகையையே மாற்றிப் பார்க்க, ரோமின் ஜெமெல்லி மருத்துவமனைக் குழு தொப்புள்கொடி ரத்தச் சிவப்பணுக்களைக் கையிலெடுத்தது. கேள்விக்கு நேராகப் போகும் வழி அதுதான். சாட்டிலைட் பை அந்த வழியில் இல்லை.

பைக்குச் செலவிடும் கவனத்தில் பாதியைப் பரிசோதனைக்கு எடுக்கும் ரத்தத்தின் மேல் வைத்தால் பலன் அதிகம். 700 கிராம் குழந்தையின் உடம்பில் மொத்தமே 60 மி.லி. சொச்சம், தினம் 1 மி.லி. எடுத்தால் பத்து நாளில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். பிறந்ததும் தொப்புள்கொடியை 30 முதல் 60 வினாடி தாமதித்துக் கட்டுவதற்குக் காசே தேவையில்லை. ரத்தம் ஏற்றும்போது செவிலியர் கண் மானிட்டரில் இருக்கட்டும்: செறிவு 95ஐத் தாண்டினால் உடனே ஆக்சிஜனைக் குறைக்க வேண்டும், ஷிப்ட் முடியும்வரை காத்திருக்கக் கூடாது.

வாங்கலாமா? கருவியும், குறைமாதக் குழந்தைகள் அடிக்கடி வரும் பிரிவும் இருந்தால் வாங்கலாம். எந்தப் பையிலிருந்து ஏற்றியிருந்தாலும் கண் பரிசோதனைத் தேதி நகராது: 34 வாரத்துக்குமுன் அல்லது 2,000 கிராமுக்குக் குறைவாகப் பிறந்தால் 30 நாளுக்குள், 28 வாரத்துக்குமுன் அல்லது 1,200 கிராமுக்குக் குறைவு என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதியும், எத்தனை முறை ரத்தம் ஏற்றினார்கள் என்பதும் இருக்கிறதா என்று பெற்றோர் கேட்டு வாங்க வேண்டும்.