ஜோடி ஃபாஸ்டரின் இரண்டு ஆஸ்கர்கள்: சாராவா, கிளாரிஸா?

சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை ஜோடி ஃபாஸ்டர் இரண்டு முறை வாங்கியிருக்கிறார். முதலில் 'தி அக்யூஸ்ட்' (1988), அப்புறம் 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' (1991). இவற்றில் எது பெரிய நடிப்பு என்று பேச்சு வந்தால் பலரும் யோசிக்காமல் 'சைலன்ஸ்' படத்தில் வரும் எஃப்.பி.ஐ. (அமெரிக்கப் புலனாய்வுத் துறை) பயிற்சி மாணவி கிளாரிஸைத்தான் சொல்கிறார்கள். நான் 'அக்யூஸ்ட்' படத்தில் வன்கொடுமைக்கு ஆளான சாரா பக்கம்.

ஃபாஸ்டர் மூன்று வயதில் காப்பர்டோன் என்ற வெயில் காப்புக் களிம்பின் விளம்பரத்தில் தோன்றியவர். 'டாக்ஸி டிரைவர்' படப்பிடிப்பின்போது அவருக்கு 12 வயது. பாலியல் தொழிலில் சிக்கிய சிறுமி வேடம் என்பதால் மனநலப் பரிசோதனைக்குப் பிறகே நடிக்க விட்டார்கள். சில காட்சிகளில் அவருடைய அக்கா கோனி டூப்பாக நின்றார். ஃபாஸ்டர் யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 1981இல் அதிபர் ரீகனைச் சுட்டவன், அந்தப் படத்தைப் பார்த்து இவர்மேல் வெறிகொண்டு பின்தொடர்ந்தவன். அடுத்தவர் கண் தன்மேல் விழுவது எவ்வளவு பெரிய பாரம் என்பது இவருக்குச் சிறு வயதிலேயே தெரிந்துபோனது. இரண்டு ஆஸ்கர் வேடங்களுமே அந்தப் பார்வையைப் பற்றியவைதான்.

கிளாரிஸுக்குத் துணை நிறைய. இயக்குநர் ஜோனதன் டெம்மி, அவளிடம் பேசும் ஆண்களை நேராக கேமராவுக்குள் பார்க்க வைத்தார். அவள் இடத்தில் நாமே நின்று கூசிப்போகிறோம். லிஃப்டில் சிவப்புச் சட்டைக்கார நெட்டையர்கள் நடுவே அவள் குட்டியாக நிற்பதைக் காட்டினாலே போதும், வசனமே வேண்டாம். எதிரே, அடைபட்டிருக்கும் கொலைகாரன் லெக்டராக ஆண்டனி ஹாப்கின்ஸ் வேறு. நல்ல பையும் மலிவான ஷூவுமாக வந்திருக்கிறாய் என்று லெக்டர் அவளைக் குத்தும்போது, வலியை விழுங்கிவிட்டு, அந்தக் கூரிய பார்வையை உன்மேலேயே திருப்பத் தைரியம் உண்டா என்று திருப்பிக் கேட்பாளே, அது அருமையான இடம். மறுக்கவே மாட்டேன்.

சாரா டோபியாஸுக்கு இப்படி எந்தத் துணையும் இல்லை. 1983இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டில் ஒரு மதுக்கூடத்தில் நடந்த கூட்டு வன்கொடுமையை ஒட்டிய கதை. சாரா குடிப்பாள், கெட்ட வார்த்தை பேசுவாள், சட்டென்று கோபப்படுவாள். அவள்மேல் பரிதாபம் வரட்டும் என்று ஃபாஸ்டர் ஓர் இடத்திலும் அவளைத் துடைத்து வைக்கவில்லை. தன்னைக் கேட்காமலே அரசு வழக்கறிஞர் எதிர்த் தரப்போடு சமரசம் பேசி முடித்ததும், அவர் வீட்டு விருந்துக்குள் நேராகப் புகுந்து கேள்வி கேட்கிறாள்.

உச்சம் சாட்சிக் கூண்டில். அந்தக் கொடுமையை நமக்கு அதுவரை காட்டியிருக்க மாட்டார்கள். பிறகு இன்னொருவர் சாட்சி சொல்லும்போதுதான் காட்டுவார்கள். ஆக, சாரா பேசும் நேரத்தில் திரையில் இருப்பது ஒரு முகமும் ஒரு குரலும் மட்டுமே. அங்கே நடிப்பு சற்றுப் பிசகினாலும் படம் விழுந்துவிடும்.

இதில் வியப்பு, தன் நடிப்பு தேறாது என்று நினைத்து ஃபாஸ்டர் அப்போது மேற்படிப்புக்குத் தயாரானார் என்பது.

படமாகப் பார்த்தால் 'சைலன்ஸ்'தான் மேல், சந்தேகமில்லை. ஐந்து முக்கிய ஆஸ்கர்களையும் (படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை) அள்ளிய மூன்றாவது படம் அது. 'அக்யூஸ்ட்' நீதிமன்றப் பகுதியில் டிவி நாடகம்போல் ஆகிவிடுகிறது. அதன் பார் காட்சி நீளமானது, பார்க்கவே கடினம். மனம் தாங்காது என்றால் அதைத் தள்ளிவிட்டுப் பாருங்கள், தவறில்லை. சாட்சிக் கூண்டு அதற்கு முன்பே வந்துவிடும்.