போர் விளையாட்டுக்குப் பின்னணி இசை: எதைப் போடலாம், எதை விடலாம்?

இரண்டாம் உலகப்போரை வைத்து ஆடும் பலகை விளையாட்டான மெமோயர் '44இன் பலகையை விரித்து, ஆற்றையும் பாலத்தையும் அடுக்கி, குட்டிச் சிப்பாய்களை அறுகோணக் கட்டங்களில் நிறுத்தி முடித்ததும் யாராவது ஒருவர் ஃபோனை எடுத்து, "என்ன போடட்டும்?" என்று கேட்பார். எங்கள் குழுவில் நான்கு பேருக்கு நான்கு பதில். எல்லாவற்றையும் பல முறை போட்டுப் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. மேசையில் என்ன நடக்கிறது என்று ஸ்பீக்கருக்குத் தெரியாது. கணினி விளையாட்டின் இசைக்கோ பல நேரம் தெரியும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் பாதி இதிலேயே முடிவாகிவிடுகிறது.

போர் என்றதும் பலர் முதலில் தேடுவது மேற்கத்தியச் செவ்வியல் இசையை. குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1914இல் எழுதிய 'மார்ஸ்' எல்லாப் பட்டியலிலும் இருக்கும். சுற்றுக்கு ஐந்து தட்டு, நம் கணக்கில் கண்டம். இடது வலது என்று நடக்கும் காலுக்கு அது அடங்காது, அந்த அடங்காமைதான் வயிற்றைப் பிசைகிறது. அற்புதமான இசை. ஆனால் ஓடுவது ஏழு நிமிடம்தான், நம் ஆட்டமோ ஒரு மணி நேரம் போகும். மூன்றாம் சுற்றிலேயே காது சலித்துவிடும்.

நெப்போலியன் காலத்து ஆட்டம் என்றால், அவர் ரஷ்யாவில் தோற்றதைச் சொல்லும் சாய்கோவ்ஸ்கியின் '1812' வந்துவிடும். இங்கே எனக்கு இரண்டு குறைகள். ஒன்று, அதன் பீரங்கியும் மணியோசையும் கடைசியில்தான் வருகின்றன. எதிரே இருப்பவர் எந்தச் சீட்டை இறக்குவது என்று மோவாயைத் தடவிக்கொண்டிருக்கும்போது பீரங்கி முழங்கும். அவருடைய குதிரைப்படை நிஜமாகவே பாயும்போது அறை அமைதியாக இருக்கும். இரண்டாவது, சீருடைப் பொத்தானின் நிறம்கூடச் சரியாக இருக்க வேண்டும் என்று மெனக்கெடுகிற நமக்கு இது உறுத்த வேண்டும்: அதில் பிரெஞ்சுப் படைக்கு அடையாளமாக வரும் 'மார்செய்யேஸ்' (இன்றைய பிரெஞ்சு தேசிய கீதம்) நெப்போலியன் ஆட்சியில் ஓரங்கட்டப்பட்ட பாட்டு. ரஷ்யாவுக்கு அடையாளமாக வரும் ஜார் மன்னரின் கீதம் 1833இல்தான் வந்தது.

பீத்தோவன் இந்த விஷயத்தில் அசல் சமகாலத்தவர். 1813 ஜூனில் ஸ்பெயினின் விட்டோரியாவில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் பிரெஞ்சுப் படையை வென்றார். அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று 'வெலிங்டனின் வெற்றி' வியன்னாவில் அரங்கேறியது. எந்தப் பக்கத்துப் பீரங்கி எப்போது வெடிக்க வேண்டும் என்று இசைக்குறிப்பிலேயே குறித்திருக்கிறார். கேட்க உற்சாகமாகத்தான் இருக்கும். ஆனாலும் மேசைக்கு நான் எடுப்பது அன்று அதே கச்சேரியில் அரங்கேறிய ஏழாவது சிம்பனியை, குறிப்பாக அதன் இரண்டாம் பகுதியை. ஒரே நடை, மெல்ல மெல்லக் கனம் கூடும், எங்கேயும் கத்தாது. படைவரிசை மலைச்சரிவில் நகர்வதைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டுப் பாருங்கள்.

சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பனியைக் கிழக்கு முனை (இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியும் சோவியத்தும் மோதிய களம்) ஆட்டங்களுக்குப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும், முதல் பகுதியில் பக்கமேளம் மாதிரி ஒரு சிறு பறை விடாமல் நெருங்கி வரும்; நீளமும் நடையும் பொருத்தம்தான். ஆனால் 1942 ஆகஸ்ட் 9 அன்று, முற்றுகைக்குள் பசியில் வாடிக்கொண்டிருந்த லெனின்கிராடில், பட்டினியில் மெலிந்த கலைஞர்கள் வாசித்த இசை அது. ஒலிபெருக்கி வழியே ஜெர்மானியர் காதுக்கும் எட்டும்படி ஒலிபரப்பினார்கள். அதைப் போட்டுவிட்டுப் பகடை உருட்ட எனக்கு மனம் வரவில்லை. அதைத் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும்.

சினிமாப் பின்னணி இசை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தெரிந்த படமாக இருந்தால் ஆட்டத்தை விட்டுவிட்டு அந்தக் காட்சியைப் பேச ஆரம்பித்துவிடுவோம்.

மேசைக்கு என் முதல் தேர்வு கணினி விளையாட்டுகளுக்காக எழுதிய இசைதான். ஒருவர் மணிக்கணக்காக வரைபடத்தையே முறைத்துக்கொண்டு இருக்கப்போகிறார் என்று தெரிந்தே எழுதிய இசை அது. இரண்டாம் உலகப்போர் என்றால் ஆண்ட்ரியாஸ் வால்டெடாஃப்ட் 'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4'க்கு எழுதியது, ரோமானியப் படைகள் என்றால் ஜெஃப் வான் டைக் 2004இல் 'ரோம்: டோட்டல் வார்'க்கு எழுதியது. ஒன்று மட்டும் செய்யுங்கள்: வரைபடத்துக்கான மெல்லிய துண்டுகளை எடுத்துக்கொண்டு, சண்டைக்கான துண்டுகளை ப்ளேலிஸ்ட்டிலிருந்து நீக்கிவிடுங்கள். சண்டை எப்போது என்பதைப் பகடை சொல்லட்டும்.

பாட்டு வேண்டவே வேண்டாம். தமிழ்ப் பாட்டு ஓடினால் விதிப்புத்தகத்தில் ஒரு பத்திகூடத் தலையில் ஏறாது. பல்லவி வந்ததும் நாலு பேரும் கூடவே பாடுவோம். புரியாத மொழியில் குரல் வந்தால் இந்தத் தொல்லை குறைவு. 'சிவிலைசேஷன் 4'க்காகக் கிறிஸ்டோபர் டின் எழுதிய 'பாபா யேத்து' சுவாஹிலி மொழியில் இருக்கிறது. 2011இல் கிராமி வென்றது. விளையாட்டு இசைக்குக் கிடைத்த முதல் கிராமி அதுதான். அதைப் பலகை அடுக்கும் நேரத்தில் போடுவோம்.

கணினிக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. ரியல் டைம் விளையாட்டில், அதாவது முறை வைக்காமல் எல்லாரும் ஒரே நேரத்தில் நகர்த்தும் விளையாட்டில், அதன் சொந்த இசையை அணைக்காதீர்கள். 1997இல் வந்த 'டோட்டல் அனைஹிலேஷன்' அப்போதே, மோதல் தொடங்கியதும் ஜெரமி சோலின் இசையை அமைதியிலிருந்து போருக்கு மாற்றிவிடும். நீங்கள் தொழிற்சாலை கட்டிக்கொண்டிருக்கும்போது இசை மாறினால், திரைக்கு வெளியே எங்கோ அடி விழுகிறது என்று அர்த்தம். அது அலங்காரம் இல்லை, தகவல். முறை வைத்து ஆடும் விளையாட்டில் அந்த அவசரம் கிடையாது. நாற்பது மணி நேரம் ஆடுகிறவர் பத்தாவது மணிக்கு மேல் சொந்த ப்ளேலிஸ்ட்டுக்கு மாறினால் தப்பே இல்லை.

அப்புறம் சூழல் ஒலிகள்: மழை, தூரத்துப் பீரங்கி, கூடாரத் துணியின் படபடப்பு. டேபிள்டாப் ஆடியோ தளத்தில் பத்து பத்து நிமிடத் துண்டுகளாக இலவசமாகக் கிடைக்கும். இதில் உச்சம் என்று ஒன்று இல்லாததால் தப்பான நேரத்தில் உச்சம் வரும் பிரச்சினையும் இல்லை. வால்யூம் மட்டும் பகடை உருளும் சத்தத்துக்குக் கீழே இருக்கட்டும்.

ஒரே ஓர் ஆட்டத்துக்கு மட்டும் இதெல்லாம் செல்லாது. மெமோயர் '44இன் முதல் சினாரியோ (ஆடவேண்டிய போர்க்களம்) பிரான்ஸின் நார்மண்டியில் உள்ள பெகாசஸ் பாலம். 1944 ஜூன் 6, நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்கள். பிரிட்டிஷ் வீரர்களை ஏற்றிய, இன்ஜின் இல்லாத கிளைடர் விமானங்கள் இருட்டில் பாலத்தருகே வந்து இறங்கின. ஓசை இல்லாததுதான் அங்கே ஆயுதம். அதனால் ஸ்பீக்கரை அணைத்துவிடுவோம். அன்று பகலில் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படைத்தலைவர் லோவட் பிரபுவின் கமாண்டோக்கள் அந்தப் பாலத்துக்கு வந்து சேர்ந்தபோது, அவருடைய வாத்தியக்காரர் பில் மில்லின் பேக்பைப் (ஸ்காட்லாந்துத் துருத்திக் குழல்) வாசித்துக்கொண்டே வந்தார். முன்வரிசையில் பேக்பைப் கூடாது என்ற உத்தரவை லோவட் பொருட்படுத்தவில்லை. எங்கள் மேசையில் நேச நாட்டுப் பக்கம் ஆடுபவர் பாலத்தைப் பிடித்தால், ஃபோனை எடுத்து பேக்பைப்பை ஓடவிடும் உரிமை அவருக்கு. பிடிக்காவிட்டால் கடைசிவரை பகடைச் சத்தம் மட்டும்தான்.